எந்த வீட்டுக்கு

அடிவாரத்தில் ஏறும்போதே கண்டக்டர் கேட்டார்,
"கடைசி ஸ்டாப்புக்கா? அங்க ஏரி இல்லீங்களே."
ஏரி வேண்டாம் என்றேன்.
படகும் வேண்டாமாம் என்று
பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள்.

கொண்டை ஊசி வளைவுகளைப்
பன்னிரண்டு வரை எண்ணினேன்.
காலடிச் சாக்குக்குள் ஒரு கோழி புரண்டது,
எண்ணிக்கை விட்டுப்போனது.
கீழே சேலம்
வெயிலில் காயப்போட்ட தகரம்போலக் கிடந்தது.

ஊர் என்றால்
ஒரு ரேஷன் கடை, ஒரு கொடிக்கம்பம்,
சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே
இருபது முப்பது வீடுகள்,
சிமெண்ட் களத்தில் காயும் காப்பிப் பழம்.
பஸ் திரும்பிப் போன பிறகு
அதன் புகை மட்டும்
கொஞ்ச நேரம் என்னோடு நின்றது.

"எந்த வீட்டுக்கு?"
டீக்கடைக்காரர் கேட்டார்.
எந்த வீட்டுக்கும் இல்லை, சும்மா பார்க்க.
"எதை?"

நான் யோசித்து முடிப்பதற்குள்
நான் வந்த செய்தி எனக்கு முன்னால் நடந்துவிட்டது.
முதல் தெருவில் நான்
குழுக்கடன் வசூலிக்க வந்தவள்:
இரண்டு கதவுகள் சாத்திக்கொண்டன,
ஒரு டிவி பாதி வசனத்தில் நின்றது.
தண்ணீர்த் தொட்டியருகே நான் நர்ஸ்:
ஒருத்தி கைக்குழந்தையின் சட்டையைத் தூக்கி
முதுகில் ஒரு கட்டியைக் காட்டினாள்.
களத்து மேட்டில்
நிலம் வாங்க வந்த சென்னைக்காரி:
கேட்காமலே ஒருவர் விலை சொன்னார்,
கேட்காமலே குறைத்தார்.

அவர்கள் யாரும் நான் இல்லை என்று
மூன்று இடத்திலும் சொன்னேன்.
கட்டியை மட்டும் குனிந்து பார்த்தேன்.
ரெண்டு நாள் பாருங்க,
வத்தலைன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க என்றேன்,
நர்ஸ் சொல்வதைப் போலவே.

மாலை பஸ் வரவில்லை.
ஏதோ வளைவில் லாரி கவிழ்ந்ததாம்.
மிளகு லோடு என்றார்கள்,
பிறகு முட்டை என்றார்கள்.
பெருமாயி முன்னறையைக் கொடுத்தாள்.
வீட்டுக்காரர் குடகுக்கு வேலைக்குப் போயிருக்கிறார்.
அவர் கட்டில், அவர் போர்வை,
ஆணியில் அவர் சட்டை.
"முந்நூறு. சாப்பாடு சேத்து."
கூச்சமில்லாமல் சொன்னாள்,
எனக்கும் கூச்சம் விட்டது.

ராகிக் களி, மொச்சைக் குழம்பு.
பிறகு காப்பி:
பாக்கெட்டைப் பல்லால் கிழித்துப்
பொடியைத் தட்டினாள்.
இங்கே விளைவது? என்று
சன்னல் வழியே களத்தைக் காட்டினேன்.
"அது கீழ போயிரும்.
நாங்க குடிக்கறது கீழருந்து வரும்."
குறையா வேடிக்கையா,
குரலில் தெரியவில்லை.
இரண்டு ரூபாய்ப் பாக்கெட்.
நன்றாகத்தான் இருந்தது.

மகள் மோனிஷா, ஆறாம் வகுப்பு,
என் போனை வாங்கி
என்னை எல்லாப் பக்கமும் படமெடுத்தாள்:
ஷூ, கண்ணாடி, களியை உருட்டத் தெரியாத விரல்கள்.
"உங்க ஊர்ல பாக்க என்ன இருக்கு?"
தேடிப் பார்த்து, மேம்பாலம் என்றேன்.
"அதப் பாக்க யாரு வருவாங்க?"
யாரும் வருவதில்லை.
"அப்ப நான் வர்றேன்" என்றாள்,
சுவர்க் காலண்டரைத் திரும்பிப் பார்த்து.

இரவு, போர்வையில் பீடி வாசனை.
முகம் தெரியாத ஒருவரின் உறக்கத்தை
வாடகைக்கு எடுத்திருந்தேன்.
ஓட்டின்மேல் பனி சொட்டுவது
யாரோ சில்லறை எண்ணுவதுபோல் கேட்டது.

விடியலில் எதிர்வீட்டு ஆள்
வாயில் பல்குச்சியோடு கேட்டார்,
"யாரது? எந்த வீட்டுக்கு?"
பெருமாயி துடைப்பத்தை நிறுத்தவில்லை.
"நம்ம வீட்டுக்குத்தான்."
சொல்லிவிட்டு என் ஐந்நூறுக்கு
மீதி இருநூறை எண்ணித் தந்தாள்.
ஒரு நோட்டு கிழிந்திருந்தது.
கேட்கும் முன்பே மாற்றித் தந்தாள்.

முதல் பஸ். அதே கண்டக்டர்.
"பாத்தாச்சுங்களா?"
ஆச்சு என்றேன்.
போனைத் திறந்தால்
நான் எடுத்த மலையெல்லாம் வெறும் மூட்டம்.
மற்ற நாற்பத்தொரு படத்திலும் நான்,
பாதி நான், கால் நான்.
வண்டி திரும்பியது.
களத்தில் யாரோ
காப்பிப் பழத்தைக் காலால் துழாவிப்
புரட்டிக்கொண்டே போனார்கள்,
ஈரப்பக்கம் மேலே வர.